முப்பதும் ஐம்பதும் எழுபது

2009 அக்டோபர் 7, புதன்கிழமை. நம் நேரப்படி பிற்பகல் மூன்றே காலுக்கு ஸ்டாக்ஹோமில் அந்த வருஷத்து வேதியியல் நோபல் பரிசை அறிவித்தபோது, சிதம்பரத்தில் எங்கள் எட்டாம் வகுப்புக்குத் தையல் பீரியட். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்கள் எல்லாம் தெரிந்தவர்களுக்கு நெல்லிக்காய் லஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை இறக்கும்போதுதான் டிவியின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு நோபல்.

திரி போட்டுக்கொண்டிருந்த ஆயா திரும்பி, "எந்தச் சிதம்பரம்? நம்ம சிதம்பரமா?" என்றாள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. அப்போது டிவியில் சிதம்பரம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை மத்திய உள்துறை அமைச்சர்தான். ஊர் வருவதென்றால் ஆருத்ரா தரிசனமாக இருக்கும், இல்லாவிட்டால் புயலாக இருக்கும்.

தாத்தா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். டிவி பார்க்கும்போது சட்டை போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. முக்கியமான செய்தி என்று நினைத்தால் மட்டும் போடுவார்.

அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வேதியியல் துறையில் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டம் கிடையாது, எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திவிட்டார். ஆனால் லேபை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் லேப் அவரை விடவில்லை. பால் திரிந்துவிட்டதா என்று பார்க்கக்கூடப் பாத்திரத்துக்கு மேல் மூக்கைக் கொண்டுபோக மாட்டார். ஒரு முழம் தள்ளி நின்று, வலது கையால் காற்றை மெதுவாக மூக்குப் பக்கம் தள்ளி, ஒரு சின்ன மூச்சு இழுப்பார். கருவாட்டுக் கடையிலும் அப்படியேதான். கடைக்காரப் பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். புட்டியில் எது இருக்கிறதென்று தெரியாதவரைக்கும் நேராக முகரக் கூடாது, அவ்வளவுதான் அவர் தரப்பு. வீட்டில் உப்பு ஜாடிக்கும் சர்க்கரை ஜாடிக்கும் லேபிள் ஒட்டித் தேதி போட்டு வைத்ததும் அவர்தான்.

மறுநாள் காலைப் பத்திரிகைகளில் எல்லாம் அந்தத் தாடிக்காரர் முகம். கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் கூச்சப்படுகிற சிரிப்பு. தாத்தா காசு கொடுத்து இரண்டு தமிழ்ப் பேப்பரும் ஒரு இங்கிலீஷ் பேப்பரும் வாங்கினார். வீட்டில் அது பெரிய செலவு. டீக்கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார், இங்கிலீஷ் பேப்பரை நான் படித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

தெற்கு வீதியில் அந்தக் கடையில் அன்றைக்கு உட்கார இடமில்லை. சி.வி.ராமன், சந்திரசேகர், இப்போது இவர் என்று ஒருவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இன்னொருவர், இவர் பிறந்த வீடு எது என்று தனக்குத் தெரியும் என்றார். எதிரில் இருந்தவர் அது அந்த வீடு இல்லை, நாலு வீடு தள்ளி என்றார். இரண்டு பேருக்கும் கைகலப்பு வராத குறை. நடுவில் ஒரு பெரியவர், "நானும் அவரும் யூனிவர்சிட்டியில ஒண்ணாப் படிச்சோம்" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை.

தாத்தா என்னிடம், "பாப்பா, பேப்பர்ல எந்த வருஷம் பொறந்தாருன்னு போட்டிருக்கு?" என்றார்.

"1952."

"ஊரை விட்டு எப்பப் போனாங்க?"

"மூணு வயசுல. பரோடாவுக்கு."

"அப்ப 55. மூணு வயசுப் புள்ளைய எந்த யூனிவர்சிட்டியில சேத்துக்குவான்?"

கடை சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "நீ யூனிவர்சிட்டியில இருந்தவன்தானே, உனக்கு அவங்க குடும்பத்தைத் தெரியாதா?" என்று தாத்தாவைத் திருப்பிக் கேட்டார். அப்போது தாத்தா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைய டீயும் வடையும் இலவசமாகக் கிடைத்திருக்கும், ஒரு வாரத்துக்கு மரியாதையும் கிடைத்திருக்கும். "நான் வேலைக்குச் சேர்ந்தது 63ல. எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கு அவர்மேல் பயங்கரக் கோபம். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல எனக்கு ஏதாவது வேண்டும் இல்லையா?

தெருமுனையில் இரண்டே நாளில் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. உள்ளூர்ப் பிரமுகர்கள் ஆளுக்கு ஒரு முழ உயரத்தில் கைகூப்பி நிற்க, நோபல் பரிசு பெற்றவர் வலது மேல் மூலையில் ஸ்டாம்பு அளவில் இருந்தார்.

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். அவர் எதற்காகப் பரிசு வாங்கினார் என்று மேடையில் யாரும் சொல்லவில்லை. வகுப்புக்கு வந்த அறிவியல் சார்தான் சொன்னார். நல்ல மனிதர், பேப்பரில் வந்த படத்தைப் பார்த்து போர்டில் வரைந்தார். உயிரணுவுக்குள் ரைபோசோம் என்று ஒன்று இருக்கிறது, டி.என்.ஏ.யில் இருக்கிற சேதியின் நகல் ஒன்று நாடா மாதிரி அதற்குள் நுழைகிறது, ரைபோசோம் அதைப் படித்துப் படித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதமாக்குகிறது. தலைமுடியும் புரதம், ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினும் புரதம், எல்லாம் அங்கேதான் தயாராகிறது. அந்த ரைபோசோமின் உருவத்தை அணு அணுவாகக் கண்டுபிடித்தார்கள், லட்சக்கணக்கான அணுக்கள், ஒவ்வொன்றும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று. மூன்று பேருக்குச் சேர்த்துப் பரிசு. கேம்பிரிட்ஜில் இருக்கும் நம் ஊர்க்காரர், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டைட்ஸ், இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தின் அடா யோனத்.

சார் இரண்டு உருண்டைகள் வரைந்திருந்தார். சின்னது மேலே, அதற்கு 30எஸ் என்று பெயர். பெரியது கீழே, 50எஸ். நம் ஊர்க்காரர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது அந்தச் சின்னதன் அமைப்பை. இரண்டும் சேர்ந்தால் முழு பாக்டீரியா ரைபோசோம், அதற்குப் பெயர் 70எஸ் என்று எழுதினார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "சார், முப்பதும் அம்பதும் எம்பது சார்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சார் போர்டைப் பார்த்தார், கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். "எழுபதுன்னுதான் போட்டிருக்கு. நாளைக்குச் சொல்றேன்" என்றார். அந்த நாளை வரவேயில்லை. தீபாவளி விடுமுறை வந்துவிட்டது.

வீட்டில் வந்து இதைச் சொன்னதும் தாத்தா சிரிக்கவில்லை. "எஸ்ஸுன்னா என்ன?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இங்கிலீஷ் பேப்பரை எடுத்து வரச் சொன்னார், அதிலும் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ரயில்வே கேட் தாண்டி அண்ணாமலை நகருக்குப் போய், பழைய பேராசிரியர் ஒருவர் வீட்டில் கேட்டுக்கொண்டு இருட்டின பிறகு வந்தார். மழை வேறு. குடையை மடக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

எஸ் என்பது ஸ்வெட்பெர்க். அது ஒரு ஆள் பெயர். ஸ்வீடன்காரர், அவரும் வேதியியலுக்கு நோபல் வாங்கியவர், 1926-இல். அசுர வேகத்தில் சுற்றுகிற சென்ட்ரிஃபியூஜ் கருவியை உண்டாக்கியவர். குழாயில் கரைசலை ஊற்றிச் சுற்றவிட்டால் உள்ளே இருக்கிற பொருள் எவ்வளவு வேகமாக அடியில் போய்ப் படிகிறது என்பதற்கு வைத்த அளவுதான் அந்த எஸ். அதாவது 30, 50 என்பது எடை இல்லை, வேகம்.

"சென்ட்ரிஃபியூஜ் நான் எத்தனை தடவை ஓட்டியிருக்கேன்" என்றார் தாத்தா. "எதிரும் புதிருமா ரெண்டு குழாயும் சமமா இருக்கணும், இல்லேன்னா மிஷின் மேசையை விட்டே நடக்க ஆரம்பிச்சிடும். இந்த எஸ் சமாச்சாரம் மட்டும் யாரும் சொன்னதில்ல."

பிறகு என் ரஃப் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்தார். ஒன்றை அப்படியே விட்டார், இன்னொன்றைக் கசக்கி உருண்டையாக்கினார். நாற்காலிமேல் ஏறி நின்று இரண்டையும் ஒன்றாக விட்டார். உருண்டை டப்பென்று விழுந்தது. விரிந்த தாள் அப்படி இப்படி ஆடி, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. எடை ஒன்றுதான், ஆனால் வேகம் வேறு. விழுகிற வேகம் கனத்தை மட்டும் பார்ப்பதில்லை, உருவத்தையும் பார்க்கிறது. இரண்டு உருண்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது ஒட்டின பக்கம் உள்ளே மறைந்துவிடுகிறது, வெளியே தண்ணீரோடு உரசுகிற பரப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. அதனால் சேர்ந்த உருவத்தின் வேகம் தனித்தனி வேகங்களின் கூட்டலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுபது வந்தது அப்படித்தான்.

"எறங்குங்க மொதல்ல, விழுந்து தொலைக்கப் போறீங்க" என்றாள் ஆயா.

ஆயாவுக்கு இந்த விவகாரத்தில் ஒரே ஒரு கேள்விதான். மெடல் எத்தனை பவுன்? தாத்தா அதையும் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். கிட்டத்தட்ட 175 கிராம். ஆயா மனக்கணக்கில் எட்டால் வகுத்து, "இருபத்தோரு பவுனுக்கு மேலே" என்றாள். மூன்று பேருக்கும் தனித்தனி மெடல் உண்டு, பணத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்றதும் ஸ்வீடன் ராஜாவின்மேல் மரியாதை வந்துவிட்டது. ஆனால் பதினெட்டு கேரட், மேலே மட்டும் சுத்தத் தங்கப் பூச்சு என்று தாத்தா சொன்னபோது முகம் மாறியது. "பதினெட்டு கேரட்டா? அதை எவன் அடமானத்துக்கு எடுப்பான்?"

அப்போதுதான் தாத்தா அந்தக் கதையைச் சொன்னார். லேபில் இராஜ திராவகம் தயார் செய்யும்போதெல்லாம் ஒரு பேராசிரியர் மாணவர்களுக்குச் சொல்லுவாராம், தாத்தா ஓரமாக நின்று கேட்டது. யுத்த காலம், 1940, ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் வந்துவிட்டது. கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகளின் நோபல் மெடல்கள் பத்திரத்துக்காகக் கொடுத்து வைக்கப்பட்டிருந்தன, மாக்ஸ் ஃபான் லாவேயுடையதும் ஜேம்ஸ் ஃபிராங்கினுடையதும். ஜெர்மனியிலிருந்து தங்கம் வெளியே போவது பெரிய குற்றம், மெடலிலோ பெயர் பொறித்திருக்கிறது. மண்ணில் புதைக்கலாமா என்று யோசித்துவிட்டு, ஹெவெஷி என்ற வேதியியல்காரர் வேறு வழி செய்தார். ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு. அதுதான் இராஜ திராவகம், தங்கத்தையே கரைக்கும். இரண்டு மெடலையும் அதில் போட்டுக் கரைத்து, அந்த ஆரஞ்சு நிறத் தண்ணீரை மற்ற புட்டிகளோடு அலமாரியில் வைத்துவிட்டார். சோல்ஜர்கள் வந்து எல்லாவற்றையும் தேடினார்கள், புட்டியைத் தொடவில்லை. யுத்தம் முடிந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. தங்கத்தைத் திரும்பப் பிரித்தெடுத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பி, புதிதாக மெடல் வார்த்துக் கொடுத்தார்கள். ஹெவெஷிக்கே 1943-ஆம் வருஷத்து வேதியியல் நோபல் கிடைத்தது, வேறு ஆராய்ச்சிக்காக.

"லேபிள் ஒட்டாத புட்டியா?" என்று கேட்டேன்.

தாத்தா கொஞ்சம் யோசித்தார். "அது தெரியல. ஒட்டியிருந்தா என்னன்னு எழுதியிருப்பாங்க?"

ஆயா அதற்குள் தூங்கிவிட்டாள்.

தீபாவளிக்கு ஒரு சில நாள் இருக்கும்போதுதான் ஊர் முகம் சுளித்தது. இந்தியாவிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிகின்றன, வேலைக் கடிதங்களைத் தேடி எடுக்க முடியவில்லை என்று ராமகிருஷ்ணன் சலித்துக்கொண்ட செய்தி வந்தது. தான் படிக்கவே படிக்காத அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தனக்குப் பாடம் எடுத்ததாகச் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள் என்றும், ஒருவர் எந்த நாட்டில் பிறக்கிறார் என்பது தற்செயல் என்றும் சொல்லியிருந்தார். டீக்கடையில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு கோபம். "பெத்த ஊரை மறந்தவன்" என்றார்கள். ஒன்றாகப் படித்தேன் என்ற பெரியவர்தான் எல்லாரையும்விட அதிகமாக மனம் வருந்தினார்.

தாத்தா மட்டும் ராமகிருஷ்ணன் பக்கம் நின்றார். "லேப்ல வேலை பாக்கறவனை நாலு பேரு வந்து வந்து கூப்பிட்டா ரீடிங் தப்பிப் போயிரும். அவர் சொன்னதுல என்ன தப்பு?" அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்தக் கடைக்கே போகவில்லை.

எனக்கும் வருத்தம்தான். இப்போது நினைத்தால் இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. மூன்று வயதில் கிளம்பிப் போன குழந்தை எங்கள் ஊருக்கு எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. ஊர் அவருக்குப் பாடம் சொல்லித்தரவில்லை, சோறு போட்டதும் சொற்ப காலம். ஆனாலும் அவர் பெயரோடு சிதம்பரம் என்ற சொல் ஒட்டியிராவிட்டால், ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பில் யார் ரைபோசோம் வரைந்திருப்பார்கள்? கடைசி பெஞ்சுப் பையன் எந்தக் கூட்டலைத் தப்பென்று சொல்லியிருப்பான்? ஃப்ளெக்ஸ் வைத்தவர்களை விட்டுத்தள்ளலாம். அந்த வாரம் எங்கள் தெருவில் டெட்ராசைக்ளின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மெடிக்கல் ஷாப்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கிருமியின் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு அதைப் புரதம் செய்யவிடாமல் பண்ணுகிறது, நம்முடையது வேறு மாதிரி இருப்பதால் நாம் தப்பிக்கிறோம் என்று. அவர் சொன்னது சரிதான். முன்பெல்லாம் "சாப்பிட்டதுக்கு அப்புறம் ஒண்ணு" என்பதற்குமேல் அவர் பேசிக் கேட்டதில்லை.

ராமகிருஷ்ணன் கதையில் எனக்குப் பிடித்த பகுதிகள் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. பரிசு அறிவித்த அன்று காலையில் அவருக்குச் சைக்கிள் பஞ்சர். நடந்தே வேலைக்குப் போய்ச் சிடுசிடுவென்று இருந்தபோது ஸ்வீடனிலிருந்து போன் வந்திருக்கிறது. நண்பன் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்து, உங்கள் ஸ்வீடிஷ் உச்சரிப்பு நன்றாக இருக்கிறதே என்று பாராட்டினாராம். அடா யோனத்துக்கும் ஒரு சைக்கிள் கதை உண்டு. சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஓய்வில் இருந்தபோது துருவக் கரடிகளைப் பற்றிப் படித்திருக்கிறார். குளிர்காலத்தில் உறங்கப்போகிற கரடியின் செல்களில் ரைபோசோம்கள் வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன என்று அதில் இருந்தது. இயற்கையே அடுக்கினால் நாமும் அதைப் படிகமாக்கலாம் என்ற நம்பிக்கை அங்கே வந்தது. முடியாது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல இருபது வருஷம் அதையே செய்தார். வேதியியலுக்கு நோபல் வாங்கிய நான்காவது பெண் அவர், மேரி கியூரி, அவர் மகள் ஐரீன், டோரதி ஹாட்ஜ்கின் ஆகியோருக்கு அப்புறம். ஹாட்ஜ்கின் வாங்கியது 1964-இல். நடுவில் நாற்பத்தைந்து வருஷம். பேப்பரில் வந்த படத்தில் யோனத்தின் சுருட்டை முடி தலையைச் சுற்றி ஒரு கொத்தாக நிற்கும். என் முடியும் அப்படித்தான், எண்ணெய் வைத்துப் படிய வாருவதற்குள் ஆயாவுக்கு மூச்சு வாங்கும். படத்தைக் காட்டி, "இவங்க வாரவே இல்ல பாரு" என்று நான் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறது.

ராமகிருஷ்ணன் படித்ததோ இயற்பியல். பரோடாவில் பி.எஸ்ஸி., ஓஹாயோவில் முனைவர் பட்டம், இரண்டும் அதில்தான். அதற்கப்புறம் மறுபடி மாணவராகப் போய் உயிரியல் படித்தார். பரிசு கிடைத்தது வேதியியலுக்கு. எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் ஃபர்ஸ்ட் குரூப்பா செகண்ட் குரூப்பா என்று கேட்டு ஒரு வாசலில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் பாடம் விட்டுப் பாடம் போனதை எந்த ஃப்ளெக்ஸிலும் யாரும் போடவில்லை.

அடுத்த வருஷம் அக்டோபர் வந்தது. தாத்தா பழைய பேச்சை மறந்து டீக்கடைக்குத் திரும்பியிருந்தார். 2010-ஆம் ஆண்டு வேதியியல் பரிசு ரிச்சர்ட் ஹெக், நெகிஷி, சுசுகி என்ற மூன்று பேருக்கு. ஒரு அமெரிக்கர், இரண்டு ஜப்பானியர். எங்கள் ஊரில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கடையில் பேச்செல்லாம் எந்திரன், படம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் பேப்பரை விரித்து உள்பக்கத்தில் இருந்த சின்னச் செய்தியைப் படித்துச் சொன்னேன். பல்லேடியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்து ஒரு கார்பனையும் இன்னொரு கார்பனையும் இணைக்கிற வழி, மருந்து தயாரிப்பவர்களுக்கு ரொம்ப உபயோகம்.

"என்ன சொன்னே? பல்லேடியமா?" தாத்தா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அது சின்னப் புட்டியில் வரும் என்றார். பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி ஹெச்.ஓ.டி.யிடம் இருக்கும். வெளியே எடுத்தால் நோட்டில் கையெழுத்து, மில்லிகிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பார்கள். கரித்தூளில் ஏற்றினது ஒன்று உண்டு, பார்த்தால் அடுப்புக்கரிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வேலை முடிந்து வடிகட்டினால் ஃபில்டர் பேப்பரில் கறுப்பாகத் தங்கும், அதைக் காயவே விடக் கூடாது, காய்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி நனைத்தபடியே தனிப் புட்டியில் சேர்த்து வைப்பார்கள், குப்பைக் கூடையில் போட்டால் போச்சு. "அந்தப் புட்டி என் பொறுப்பு" என்றார். குரல் கடை முழுக்கக் கேட்டது. எந்திரன் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

டீ மாஸ்டர் பாய்லர் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப பெரியவரே, இந்த வருஷப் பரிசுல உங்களுக்கும் ஒரு பங்கு வரணுமே!" என்றார்.

தாத்தா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "இல்லப்பா. நாங்க பண்ணது ஹைட்ரஜன் ஏத்தற வேலை. இவங்க பண்ணியிருக்கிறது கார்பனையும் கார்பனையும் சேக்கறது. அது வேற" என்றார்.